காளான் காட்டும் காட்சியும் கண்விழித்த வணக்கமும்

அல்லாஹு தஆலா மனிதனுக்கு அளித்துள்ள அருட்கொடைகளில் ஈமானுக்கு அடுத்தபடியாகப் பெரியது அறிவுதான் என்று நம் முன்னோர்கள் சொல்லி வந்தார்கள். ஷரீஅத்தின் சட்டங்கள் எல்லாம் தீன், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் என்ற ஐந்து பொருள்களைக் காப்பதற்காகவே வந்தன என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வகுத்துக் காட்டினார்கள். அந்த அறிவைச் சில மணி நேரம் ஒதுக்கி வைத்தால்தான் இறைவனின் படைப்புகளோடு நெருங்க முடியும் என்று ஒரு பேச்சு இன்று நம் பிள்ளைகளின் காதில் விழுந்து கொண்டிருக்கிறது. அதைப் பற்றி வீட்டுக்குள் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவது கடமையாகிவிட்டது.

சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஓர் இரவுப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய இடம் கொடைக்கானல். அந்த மலையின் புல்வெளிகளில் மழைக்குப்பின் முளைக்கும் ஒருவகைக் காளானைத் தேடி இளைஞர்கள் போகிறார்கள். ‘மேஜிக் மஷ்ரூம்’ என்று அவர்கள் சொல்வதைப் பத்திரிகைகள் போதைக் காளான் என்று எழுதுகின்றன. அதை விற்றவர்களைப் போலீசார் கைது செய்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. அதிலுள்ள சரக்குக்குச் சைலோசைபின் என்று பெயர். 1958ல் ஸ்விட்சர்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதைப் பிரித்தெடுத்தார். எல்.எஸ்.டி. என்ற மருந்தைச் செய்து, 1943ல் அதன் போதையைத் தன் உடம்பிலேயே கண்டவரும் அவர்தான். இவ்விரண்டும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை.

‘தடை செய்யப்பட்டது, ஆகவே தொடாதே’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம். ஆனால் ஒரு பிள்ளை தன் அத்தாவின் முன்னால் நின்று இப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

“அத்தா, நான் சாராயம் குடிக்கலை. யாரோடயும் சண்டை போடலை. மலை மேலே அந்த நாலு மணி நேரமும் மரமெல்லாம் மூச்சு விடுறதைப் பார்த்தேன். புல்லும் நானும் வேற வேற இல்லைன்னு தோணிச்சு. அழுகை அழுகையா வந்துச்சு. இத்தனை வருஷம் அஞ்சு வேளை தொழுதும் ஒரு தடவைகூட எனக்கு அப்படி வந்ததில்லையே!”

இந்தக் கேள்விக்குக் கைப்பிரம்பு பதிலாகாது. ‘பைத்தியக்காரத்தனம்’ என்ற ஒரு சொல்லும் பதிலாகாது. ஏனெனில் அதில் ஒரு பசி இருக்கிறது. அந்தப் பசி உண்மையானது. அது தேடிப் போன உணவுதான் தவறானது.

ஆராய்ச்சி சொல்வதும் சொல்லாததும்

மாற்றார் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுப் பதில் சொல்வதே நேர்மை. 2006ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் என்ற பேராசிரியரும் உடனிருந்தோரும் 36 பேருக்குச் சைலோசைபின் கொடுத்துப் பார்த்து ஆய்வை வெளியிட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், தம் வாழ்நாளின் மிகப் பொருள் நிறைந்த ஐந்து அனுபவங்களில் அதுவும் ஒன்று என்றார்கள். 2019ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இத்தகைய பொருள்களை உட்கொள்ள இருந்தோரிடம் முன்னும் பின்னும் கேள்விகள் கேட்டார்கள். இயற்கையோடு தமக்குள்ள உறவு நெருங்கிவிட்டதாகவும், அது இரண்டாண்டுகள் கழித்தும் நீடிப்பதாகவும் பதில் சொன்னவர்கள் உண்டு. ‘நான்’ என்ற எண்ணம் அப்போது எவ்வளவு கரைந்ததோ அவ்வளவுக்கு அந்த உறவும் கூடியது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே 2006ஆம் ஆண்டு ஆய்வில், 36 பேரில் 11 பேரைக் கடுமையான அச்சம் பிடித்தது. கண்காணிப்பாளர்கள் பக்கத்தில் இருக்க, மெத்தை போட்ட அறையில், முன்கூட்டியே மனநோய் உண்டா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இந்த நிலை! மலைச் சரிவில், முன்பின் தெரியாத ஒருவன் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததைத் தின்பவனுக்கு யார் துணை? காளான்களில் ஈரலை அழித்து ஆளையே கொல்லும் வகைகளும் உண்டு. நம் பக்கத்து வேலியோரங்களில் தானாக வளரும் ஊமத்தையைத் தின்று பார்ப்பவர்களோ, அறிவு கலங்கி, உயிருக்கே ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இயற்கையோடு நெருங்கினேன் என்பது அவரவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக் கொடுத்த பதில். அதை விரும்பிப் போனவர்களின் பதில். அவர்கள் வீட்டுக் கழிவு எந்த ஆற்றில் கலக்கிறது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை.

படைப்புகள் ஊமைகள் அல்ல

‘மரம் மூச்சு விடுவதாவது, உனக்குப் பித்து’ என்று நாம் சொல்லலாமா? ஒரு முஸ்லிம் அப்படிச் சொல்லக் கூடாது. ஏழு வானங்களும் பூமியும் அவற்றிலுள்ள ஒவ்வொன்றும் அல்லாஹ்வைத் தஸ்பீஹ் செய்கின்றன, அந்தத் தஸ்பீஹை விளங்கிக்கொள்ள மனிதர்களாகிய நமக்குத்தான் இயலவில்லை என்பது திருமறை 17ஆம் அத்தியாயம் 44ஆம் வசனத்தின் கருத்து. விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று 6ஆம் அத்தியாயம் 38ஆம் வசனம் அறிவிக்கிறது. செடியும் மரமும் ஸுஜூது செய்கின்றன என்கிறது சூரத்துர் ரஹ்மான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனத்துப் பள்ளியில் ஒரு பேரீச்சமரத்தின் அடித்தண்டில் சாய்ந்தபடி குத்பா ஓதி வந்தார்கள். மிம்பர் செய்யப்பட்டு, அதன்மீது நாயகம் (ஸல்) அவர்கள் ஏறியபோது, அந்தத் தண்டு தேம்பி அழுதது. நாயகம் (ஸல்) அவர்கள் இறங்கிவந்து அதைத் தடவிக் கொடுத்தபின்னரே அது அடங்கியது என்று புகாரி ஷரீஃபில் காண்கிறோம். உஹது மலையைப் பற்றி, அது நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்று அன்னார் அருளியதும் அதே நூலில் உள்ளதுதான்.

ஆக, படைப்புகளோடு உறவு என்பது மெக்ஸிகோக் காளானிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடமல்ல. அது நம் வீட்டுச் சொத்து. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தண்டின் அழுகையைச் ஸஹாபாப் பெருமக்கள் எந்த நிலையில் கேட்டார்கள்? ஒளுவுடன், ஸஃப்பில் அமர்ந்து, முழு விழிப்புடன் கேட்டார்கள். ஒருவருக்கு மட்டும் தோன்றிய தோற்றம் அல்ல அது. பள்ளியில் இருந்தோர் கேட்டுப் பின்வந்தோருக்குச் சாட்சி சொன்ன செய்தி. அறிவு தெளிவாக இருந்ததால்தான் அந்தச் சாட்சியம் நம் காலம்வரை செல்லுபடியாகிறது.

மிஃராஜ் இரவையும் நினைத்துப் பாருங்கள். எந்த மனிதக் கண்ணும் காணாத காட்சிகளைக் கண்ட இரவு அது. அந்த இரவில் நாயகம் (ஸல்) அவர்களின் முன் பால் கிண்ணமும் மதுக் கிண்ணமும் வைக்கப்பட்டன. மது அன்று ஹராமாக்கப்படவும் இல்லை. இருந்தும் அன்னார் பாலையே எடுத்தார்கள். அதுவே இயற்கை மார்க்கத்துக்கு உரிய தேர்வு என ஜிப்ரீல் (அலை) அவர்கள் சான்று கூறினார்கள். காட்சிகளிலெல்லாம் பெரிய காட்சிக்குப் போதை தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இது பழைய வாதம்

போதை ஞானத்துக்குப் படிக்கட்டு என்ற வாதம் நம் உம்மத்துக்குப் புதிதன்று. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டு வாக்கில், ‘ஹஷீஷ்’ எனப்படும் கஞ்சா இலையைத் தின்ற சில ஃபக்கீர்கள், அது உள்ளத்தைத் திறக்கிறது, குர்ஆனில் அதன் பெயர் இல்லையே, அது மதுவும் இல்லையே என்று பேசினார்கள். அதற்கு மறுப்பாக உலமாப் பெருமக்கள் பத்வாக்களும் நூல்களும் எழுதினார்கள். இப்னு தைமிய்யா அவர்கள் கடுமையாக எழுதினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞரான இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் இதற்கென்றே தனியாக ஒரு நூல் இயற்றினார்கள். அதற்கு மது என்ற பெயர் பொருந்துமா, தின்றவனுக்கு என்ன தண்டனை என்பனவற்றில் அறிஞர்களிடையே வேறுபாடு இருந்தது. போதைக்காக அதை உட்கொள்வது ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளின் உலமாக்களும் ஒன்றாக நின்றார்கள்.

காரணம் தெளிவானது. அறிவை மூடுவதெல்லாம் ‘கம்ர்’ என்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரின் மீது நின்று விளக்கினார்கள். அந்த அரபுச் சொல்லின் வேருக்கே மூடுதல் என்பதுதான் பொருள். பெண்கள் தலையை மூடும் ‘கிமார்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. புளித்த சாறு, இலை, காளான், ஆய்வுக்கூடத்துப் பொடி என்று பொருள் மாறலாம். மூடும் வேலை மாறவில்லை. அதிகமாக உட்கொண்டால் போதை தரும் பொருளில் கொஞ்சமும் ஹராமே என்ற நபிமொழி இருக்க, ‘துளியூண்டு தினமும் சாப்பிட்டால் போதை தெரியாது’ என்ற இக்காலச் சமாதானமும் நிற்காது.

அதேசமயம், நம் மார்க்கம் புதுப்பொருள் எதைக் கண்டாலும் மிரண்டு விடுவதில்லை. அதற்கு ஏற்காட்டுக் காப்பியே சாட்சி. சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார். ஆனால் காப்பியின் கதை அதற்கும் முந்தியது. யமன் நாட்டுச் சூஃபிகள் இரவுத் திக்ருக்கு விழித்திருக்க அதை அருந்தினார்கள். இது போதையோ என்ற ஐயம் எழுந்து, 1511ல் மக்காவில் அதைத் தடையும் செய்தார்கள். பின்னர் அலசிப் பார்த்து, காப்பி அறிவை மூடவில்லை, விழிக்க வைக்கிறது என்று கண்டபோது தடை நிலைக்கவில்லை. இன்று நம் மவ்லிது மஜ்லிஸுகளிலும் காப்பி வழங்குகிறோம். அறிவு விழிக்கிறதா, மூடப்படுகிறதா? ஷரீஅத் வைத்திருக்கும் தராசு இதுவே.

‘அப்படியானால் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் மஸ்தான் என்று பெயர் பெற்றது எப்படி?’ என்று சிலர் கேட்பார்கள். மஸ்து என்றால் மயக்கம். அது இறைக்காதல் தந்த மயக்கம். எந்தச் செடியும் தந்ததன்று. அத்தகைய இறைமயக்கத்திலும்கூடத் தெளிவே மேல் என்று ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) அவர்களின் வழியில் வந்தோர் கூறினார்கள். லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரீ (ரஹ்) அவர்களும் தம் ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலில் தெளிவின் பக்கமே நின்றார்கள். காதலால் வந்த மயக்கத்துக்கே இந்த எச்சரிக்கை என்றால், காசு கொடுத்து வாங்கிய மயக்கத்துக்கு என்ன மதிப்பு?

ஸஜ்தா செய்வது யார்?

இனி அந்தப் பிள்ளையின் கேள்வியின் வேருக்கு வருவோம். ‘நான் என்பது கரைந்து போனது, அதனால்தான் எல்லாவற்றோடும் ஒன்றானேன்’ என்கிறான். நான் என்ற ஆணவம் ஒழிய வேண்டும் என்பதுதானே நம் பெரியார்களின் போதனையும்? இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் ஒன்றல்ல.

ஒருவன் கூலிக்கு ஆள் வைத்துத் தன் பிடரியைப் பிடித்து நெற்றியைத் தரையில் அழுத்தச் சொன்னால், அது ஸஜ்தா ஆகுமா? நெற்றி மண்ணில் பட்டது உண்மை. தாழ்ந்ததும் உண்மை. ஆனால் தாழ்ந்தவன் அவனல்ல. ஸஜ்தாவுக்கு நிய்யத்துள்ள ஓர் அடியான் வேண்டும். எழுந்து நிற்க முடிந்தவன், தானே குனிய வேண்டும். போதையில் ‘நான்’ கரைந்துபோனால், அங்கே ஆணவத்தை விட்டுக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. சில மணி நேரத்துக்கு அது களவு போயிருந்தது. விடிந்ததும் களவுபோன பொருள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது.

தொழுகையில் என்ன சொல்கிறீர்கள் என்று நீங்கள் அறியும்வரை, போதையுடன் அதை நெருங்காதீர்கள் என்ற கருத்தில் சூரத்துன் நிஸாவின் 43ஆம் வசனம் இறங்கியது. மது முழுவதுமாகத் தடுக்கப்படுவதற்கு முன்னரே வந்த கட்டளை இது. வணக்கத்துக்கு உணர்ச்சிப் பெருக்கு நிபந்தனை என்று அல்லாஹ் சொல்லவில்லை. என்ன சொல்கிறோம் என்று தெரிந்திருப்பதே நிபந்தனை. ஆகவே, தொழுகையில் அழுகை வரவில்லை என்பதால் தொழுகை பொய்யாகிவிடாது. மலையில் அழுகை வந்தது என்பதால் அது வணக்கமாகிவிடவும் செய்யாது. மரமும் புல்லும் நம்மோடு சேர்ந்து தஸ்பீஹ் செய்யும் சக அடியார்கள். அவற்றோடு ஒன்றாகிக் காணாமற்போவது நம் வேலையன்று. அவற்றின் ஸஃப்பில் நாமும் சேர்ந்து நிற்பதே நம் வேலை.

மருந்து விஷயம் வேறு. எதற்கும் தீராத மனச்சோர்வு நோய்க்குச் சைலோசைபினைப் பயன்படுத்த, 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியா குறிப்பிட்ட மனநல மருத்துவர்களுக்கு அனுமதி அளித்திருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதை உலமாக்கள் அனுமதித்தது போல, நிர்ப்பந்தம், மாற்று மருந்து இன்மை, நம்பகமான மருத்துவர் என்ற நிபந்தனைகளை வைத்து அவர்கள் முடிவு சொல்வார்கள். நோயாளியின் கட்டிலுக்குரிய அந்தச் சட்டத்தை உல்லாசப் பயணத்துக்கு இழுத்து வருவது மோசடி.

உறவென்றால் கடமை

உணர்ச்சி ஒன்று, உறவு வேறு. தாயின் மடியில் அழுதுவிட்டு, மறுநாள் அவளுக்குச் சோறு போடாத மகனுக்கு என்ன பெயர் சொல்வோம்? சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே வந்து, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் சேர்கிறது. சேலம் ஜாமிஆ மஸ்ஜித் அந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. ஊர்ச் சாக்கடையும் சாயக் கழிவும் கலந்து, அந்த ஆற்றில் இறங்கி ஒளுச் செய்வதை இன்று எண்ணிப் பார்க்கவும் முடியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதியில் காவிரியிலும் சாயம் கலக்கும் துயரம் நாம் அறிந்ததே. கொடைக்கானல் புல்லைக் கண்டு உருகிய கண், தன் தெருவில் ஓடும் ஆற்றைக் கண்டு ஏன் உருகவில்லை?

ஷரீஅத் நமக்குத் தந்துள்ள உறவு இத்தகைய மறதியுள்ளது அல்ல. நம் நாளைச் சூரியனோடும் மாதத்தைப் பிறையோடும் கட்டியிருக்கிறது. ஃபஜ்ருக்கு அடிவானத்து வெளிச்சம், லுஹருக்கும் அஸருக்கும் நிழலின் நீளம், மஃரிபுக்குச் சூரியன் மறைவு. ஒளுவுக்குத் தண்ணீர், அது இல்லாதபோது தயம்முமுக்கு மண். மழை பொய்த்தால் மைதானத்தில் தொழுகை. கிரகணம் பிடித்தால் தொழுகை. வானம் பார்த்த பூமியில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று என்று விளைச்சலின் ஸகாத்தைச் சொல்லும் ஹதீஸில், மானாவாரிக்காரரின் நிலமும் கிணற்றுப் பாசனக்காரரின் வியர்வையும் கணக்கில் வந்துவிட்டன. இயற்கையோடு இவ்வளவு நெருக்கமாக வாழ்க்கையை நெய்து தந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, கைபேசி ஒலிக்கும் பாங்கை மட்டும் கேட்டு, வானத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பாராமல் ஐந்து வேளையும் தொழுது முடிக்கிறோமே, அங்கேதான் அந்தப் பிள்ளையின் பசி பிறந்தது.

ஆகவே, பெற்றோர்களே! உங்கள் பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன் அவனை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பொய்யான விடியலுக்கும் உண்மையான விடியலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காட்டுங்கள். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, அஸர் நேரத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். இன்றைய கணக்கில் அது ஒரு லிட்டரைச் சுற்றியே வரும். ஒரு செம்பை வைத்துக்கொண்டு அவ்வளவில் ஒளுச் செய்து பாருங்கள், வீட்டுக் குழாய் நமக்குச் செய்திருக்கும் கெடுதல் விளங்கும். விடுமுறையில் கொல்லிமலைக்குப் போனால், கறிச்சோற்றுப் பொட்டலத்தோடு முஸல்லாவையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே லுஹரைத் தொழுதுவிட்டு, அரைமணி நேரம் பேச்சின்றி அமர்ந்திருங்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் சிந்தனைக்கென்று ஒரு தனிப் பாகமே எழுதி, மனித உடலிலிருந்து மண், செடி, கடல், காற்று, வானம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். அதை ஓர் ஆலிமிடம் வாசித்துக் கேளுங்கள். கியாம நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொன்ன நபிக்கு உம்மத்தாக இருக்கிறோம். ஒரு வேப்பங்கன்றாவது நட்டு, கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள்.

நான்கு மணி நேரத்தில் கிடைத்தது இதில் நான்கு மாதத்தில் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சிலருக்கு அழுகை வரும். சிலருக்கு வாழ்நாள் முழுதும் வராமலே போகும். ஆனால் நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைத்து, வானம் பூமியின் படைப்பைச் சிந்திப்போரைத் திருமறை அறிவுடையோர் என்றே அழைக்கிறது. அறிவைத் தொலைத்தோருக்கு அந்தப் பட்டம் இல்லை.

தன் படைப்புகளைத் தெளிந்த கண்ணால் காணவும், அவற்றின் ஹக்கை நிறைவேற்றவும், நம் மக்களின் அறிவையும் ஈமானையும் பாதுகாக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.